கெட்டிக்காரன் செய்த குற்றம்

நாலு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டுக்கு விதி வகுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பரம ஏழைகள் அல்ல. பணத்தைத் தண்ணீராய் இறைக்கக்கூடியவர்களும் அல்ல. பை கனத்தவன் ஜெயிக்கக் கூடாது, கை தேர்ந்தவன் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவே அந்த விதி. ஆனால் நால்வரில் ஒருவன், விதியை ஓர் எழுத்துக்கூட மீறாமல், மற்ற மூவரும் கனவிலும் நினைத்திராத ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடுகிறான். அதற்குப் பிறகு போட்டிக்குப் போட்டி அவனே முன்னால் போகிறான். மற்றவர்கள் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் வருகிறார்கள். அவன் செய்தது நியாயமா, அநியாயமா?

"விதியை மீறவில்லையே, அப்புறம் என்ன?" என்பார் ஒருவர். "விதி எதற்காக வந்ததோ அதையே கெடுத்துவிட்டானே!" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரி போலத் தோன்றுவதுதான் தொல்லை. இந்த மாதிரி விஷயங்களை வெறும் தர்க்கமாகப் பேசினால் காற்றோடு போய்விடும். மனிதர்களை வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும். கதை எழுதுகிறவனின் பழக்கம் அது. ஆகவே இங்கிலாந்தில் உண்மையாக நடந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மோட்டார்ப் பந்தயம் சம்பந்தப்பட்ட கதை. பந்தயத்தில் அக்கறை இல்லாத வாசகர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசப்போவது மோட்டாரைப் பற்றி மட்டும் அல்ல.

1922-ல் ஆஸ்டின் செவன் என்ற சின்னக் கார் வந்தது. நம் ஊரிலும் பழைய தலைமுறையினர் 'பேபி ஆஸ்டின்' என்று சொல்லக் கேட்டிருக்கலாம். ஹெர்பர்ட் ஆஸ்டினின் கம்பெனி அப்போது கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அவரோ பிடிவாதக்காரர். ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயதுப் பையனை, வரைபடம் போடுவதில் கெட்டிக்காரன் என்று கண்டு, தம் வீட்டுக்கே அழைத்துப் போய் பில்லியர்ட்ஸ் விளையாடும் அறையில் உட்காரவைத்து அந்தக் காரை வரையச் செய்தார். 165 பவுன் விலையில் அது வெளிவந்தது. மோட்டார் சைக்கிளோடு பக்கப்பெட்டியைக் கட்டிக்கொண்டு மழையில் நனைந்து போன குடும்பங்களெல்லாம் அதில் ஏறிக்கொண்டன. 1939 வரையில் சுமார் 2,90,000 கார்கள் ஓடின. எஞ்சின் 747 சி.சி.தான். ஒரு பெரிய தையல் இயந்திரம் ஓடுகிற மாதிரி ஓடும். ஆனால் எந்தப் பட்டறைக்காரனும் பிரித்துப் பூட்டிவிடக்கூடிய எளிமை அதற்கு இருந்தது.

யுத்தம் முடிந்தது. இங்கிலாந்தில் அப்போது பெட்ரோலுக்கு ரேஷன். 1950 வரை அது நீடித்தது. புதிய கார்களைப் பெரும்பாலும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்துவிட்டார்கள். கார் மோகம் பிடித்த வாலிபர்களுக்கு மிஞ்சியது பழைய ஆஸ்டின்தான். மூலைக்கு மூலை துருப்பிடித்துக் கிடந்ததைச் சில பவுன்களுக்கு வாங்கினார்கள். மேல்கூண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தி, எஞ்சினைத் தட்டிக் கொட்டிச் சீராக்கி, தங்கள் கைப்பட ஒரு பந்தயக் காரைச் செய்துகொண்டார்கள். இப்படிச் செய்யப்பட்ட காருக்கு 'ஸ்பெஷல்' என்று பெயர். யுத்தத்துக்காகப் போட்ட விமான ஓடுதளங்கள் சும்மா கிடந்தன. சில்வர்ஸ்டோன் போன்ற இடங்களில் அவையே பந்தயப் பாதைகளாயின.

நமக்கும் இது அந்நியமான கதை அல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இதே போன்ற யுத்தகால ஓடுதளத்தில்தான், 1953-ல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஆதரவில், பல வருஷங்கள் பந்தயம் நடந்தது. வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வழியில்லாத நம்மவர்களும் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப் போட்டுத்தான் ஆசையைத் தீர்த்துக்கொண்டார்கள்.

இங்கிலாந்துக்கு வருவோம். பழைய ஆஸ்டின் பிரியர்கள் 1939-லேயே ஒரு கிளப் தொடங்கியிருந்தார்கள். எஞ்சினின் அளவை வைத்து '750' என்று அதற்குப் பெயர். யுத்தத்துக்குப் பின் அதன் உயிர்நாடியாக இருந்தவர் ஹாலண்ட் பர்க்கெட். தொழிலால் கால்நடை வைத்தியர். 1949-ல் அவர்கள் ஒரு பந்தய முறையை வகுத்தார்கள். கார் ஆஸ்டின் செவனிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும். சட்டமும் எஞ்சினும் அதனுடையவையாக இருக்க வேண்டும். மற்றபடி உன் சாமர்த்தியம். குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் பட்டறைப் பையனும் வாரக் கடைசியில் தாங்களே செய்த காரில் போட்டியிட வேண்டும் என்பதே நோக்கம்.

இந்த மாதிரிக் கட்டுப்பாட்டைக் கண்டு பரிதாபப்பட வேண்டியதில்லை. வெண்பாவில் தளை தட்டக் கூடாது என்று விதித்தவர்கள் புலவனின் வாயைக் கட்டவா விதித்தார்கள்? சீருக்குச் சீர் தடை இருப்பதால்தான் புலவன் சொல்லைத் தேடுகிறான். தேடுவதால்தான் நல்ல சொல் அகப்படுகிறது. ஆஸ்டின் செவன் அப்படி ஒரு வெண்பாவாக வாய்த்தது. நியூஸிலாந்தில் புரூஸ் மக்லாரன் என்ற சிறுவன் பந்தயம் பழகியதும், அவனுடைய தந்தை வாங்கிப் பழுது பார்த்த 'அல்ஸ்டர்' என்ற ஆஸ்டின் செவன் ஸ்போர்ட்ஸ் காரில்தான். பிற்பாடு உலகப் பந்தயங்களில் அவன் பெயரே ஒரு காரின் பெயராயிற்று.

நம் கதாநாயகன் காலின் சாப்மன். 1928-ல் பிறந்தவன்; லண்டனில் எஞ்சினியரிங் படித்தான். படிக்கும்போதே பழைய கார் வாங்கி விற்கிற வியாபாரமும் பார்த்தான். 1947-ல் அரசாங்கம் சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் ரேஷனை நிறுத்தியபோது வியாபாரம் படுத்துவிட்டது. கடைசியில் விலைபோகாத ஒரு பழைய ஆஸ்டின் செவன் கையில் நின்றது. காதலி ஹேஸலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அதை நிறுத்தி, பிரித்து, ஒட்டுப் பலகையும் அலுமினியமும் வைத்துப் புதிதாகக் கட்டினான். 1948-ல் அது உருவாயிற்று. அதற்கு 'லோட்டஸ்' என்று பேர் வைத்தான்.

மூன்றாவது லோட்டஸ் 1951-ல் வந்தது. அதில்தான் நம் வழக்கு பிறக்கிறது.

ஆஸ்டின் செவன் எஞ்சினில் நாலு சிலிண்டர்கள். ஆனால் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போவதற்கு இரண்டே வாசல்கள். இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரு வாசல். இரண்டு குடித்தனத்துக்கு ஒரே தண்ணீர்க் குழாய் வைத்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் குடத்தை வைத்தவள் நிறைய இழுத்துக்கொள்வாள். அடுத்தவள் குடத்தில் நூலாக விழும். எஞ்சினிலும் அதே சண்டைதான். ஜோடியாக இருக்கும் இரண்டு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு இழுக்கும்போது ஒன்றின் பங்கை மற்றொன்று பறித்துக்கொள்ளும். இதை எல்லோரும் அறிவார்கள். அறிந்தும், ஆஸ்டினின் தலையெழுத்து அது என்று விட்டுவிட்டார்கள்.

சாப்மன் தலையெழுத்து என்று விடவில்லை. வாசலுக்குள் நுழையும் வழியில் மெல்லிய தடுப்பு ஒன்றை நிறுத்தி, ஒரு குழாயை இரண்டாகப் பிரித்தான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி. அவ்வளவுதான்! எஞ்சின் ஆஸ்டினுடையதாக இருக்க வேண்டும் என்றது விதி; அது ஆஸ்டினுடையதாகவே இருந்தது. வழியின் நடுவே சுவர் வைக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அந்த வருஷம் மற்ற கார்களால் அவனைத் தொட முடியவில்லை. பருவம் முடிந்ததும் கிளப்பார் கூடிப் பேசி விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். வாசலைப் பிரிக்கும் வித்தை அதோடு தடை செய்யப்பட்டது.

இப்போது தீர்ப்புச் சொல்லுங்கள்.

அவன் ஏமாற்றினான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பணக்காரர்கள் பணத்தால் ஜெயிக்காமல் இருக்கத்தானே அந்த விதி? அவன் பணத்தால் ஜெயிக்கவில்லை. ஒரு தகட்டுத் துண்டும் சில இரவுகளின் தூக்கமும்தான் அவன் செலவு. யோசிப்பவன் முன்னால் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள், யோசித்தவன் முன்னால் போனதும் முகம் சுளித்தால் அதை என்னவென்று சொல்வது? கட்டுரைப் போட்டி வைத்துவிட்டு, ஒரே பிள்ளை மூன்று வருஷம் பரிசு வாங்கியதும் "இனி உவமை எழுதக் கூடாது" என்று சொல்வது போல இருக்கிறது.

அப்படியானால் கிளப்பார் பொறாமைக்காரர்களா? அதையும் சொல்ல மனம் வரவில்லை. விதி பிறந்ததற்கு ஒன்றல்ல, இரண்டு ஆசைகள் காரணம். கை தேர்ந்தவன் ஜெயிக்க வேண்டும் என்பது ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் கொட்டகைக்குள் புகுந்து கையெல்லாம் கறை பூசிக்கொள்கிற ஒவ்வொருவனுக்கும், நாளைக்கு நாமும் ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. சாதாரண நாளில் இந்த இரண்டு ஆசைகளும் அண்ணன் தம்பிபோல ஒரே வீட்டில் இருக்கும். அசாதாரணமான ஒருவன் வரும் நாளில்தான் பாகப் பிரிவினை கேட்கும்.

நம் புராணங்களில் சட்டத்தின் இடுக்கில் புகுந்து வந்த அவதாரமே ஒன்று இருக்கிறது. இரணியன் வரம் வாங்கும்போது எவ்வளவு ஜாக்கிரதையாகக் கதவுகளை அடைத்தான்! மனிதனாலும் சாவு கூடாது, மிருகத்தாலும் கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. கடவுள் வரத்தை மீறவில்லை. மனிதனும் மிருகமும் அல்லாத உருவத்தில், பகலும் இரவும் அல்லாத அந்தியில், உள்ளும் வெளியும் அல்லாத வாசற்படியில் உட்கார்ந்து காரியத்தை முடித்தார். எழுத்துக்கு எழுத்து வரம் பலித்தது, இரணியனும் செத்தான். இதைக் கேட்டு யாராவது இரணியனுக்காக அழுதது உண்டா?

ஆனால் அடுத்த அவதாரத்தைப் பாருங்கள். மூன்றடி மண் கேட்டான் ஒரு குள்ளப் பிராமணன். மாவலி கொடுத்தான். இரண்டடியில் மண்ணும் விண்ணும் போய்விட்டன; மூன்றாவது அடிக்குத் தலையைக் கொடுத்தான். இங்கேயும் சொன்ன சொல் எழுத்துக்கு எழுத்துப் பலித்தது. தந்திரம் ஒன்றே, செய்தவரும் ஒருவரே. ஆனால் மாவலிக்காக மலையாள நாடு முழுவதும் வருஷந்தோறும் பூக்கோலம் போட்டுக் காத்திருக்கிறது! ஏன்?

ஏனென்றால் இரணியன் அகம்பாவத்தால் கதவை அடைத்தவன். மாவலி நம்பிக்கையால் கதவைத் திறந்து வைத்தவன். அடைத்த கதவின் இடுக்கில் புகுந்தவனைக் கண்டு நாம் கைதட்டுகிறோம். திறந்த கதவு வழியாக வந்தவன் வீட்டையே கொண்டுபோனால், விதியில் குற்றம் காண முடியாவிட்டாலும், நெஞ்சு வீட்டுக்காரன் பக்கம் போய்விடுகிறது. விதியின் சந்தில் புகுவது பாவமா புண்ணியமா என்று பொதுவாகக் கேட்பதே தவறு. எதிரே நிற்பது யார்? இரணியனா, மாவலியா? கேட்க வேண்டியது இதுதான்.

750 கிளப்பின் விதிகள் வக்கீல்கள் எழுதியவை அல்ல. ஒருவரை ஒருவர் நம்பியவர்கள் நாலு வரியில் எழுதி வைத்துக்கொண்டது. சீட்டுப் பிடிக்கிற பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற ஒப்பந்தம் மாதிரி. அதில் ஓட்டை இருந்ததென்றால், ஓட்டை பார்க்கிறவன் நம்மில் யாரும் இல்லை என்று நினைத்ததால்தான் இருந்தது. அந்த ஓட்டையில் கை விட்டவன் திருடவில்லை என்பது மெய். ஆனால் கிளப்பாருக்கு ஒன்று குறைந்துபோயிற்று. விதிகளை நாலு வரியில் எழுதும் தைரியம் போயிற்று. அடுத்த வருஷம் ஐந்தாவது வரி; அதற்கு அடுத்த வருஷம் ஆறாவது.

அமெரிக்காவில் இதற்கு வேறு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். அங்கே மண் தடங்களில் ஓடும் மலிவான கார்ப் பந்தயங்கள் சிலவற்றில், ஜெயித்தவனின் எஞ்சினை இன்ன விலைக்குக் கேட்டால் அவன் கொடுத்துவிட வேண்டும் என்று விதி. சிக்கனமாகச் செய்தேன் என்கிறாயா? அப்படியானால் அந்த விலைக்கே விற்றுவிடு! பொய் சொல்கிறவனுக்கு இதைவிட அழகான பரீட்சை உண்டா? 2006-ல் கலிபோர்னியாவில் '24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்' என்று ஒரு பந்தயம் தொடங்கினார்கள். 'எலுமிச்சை' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் வாங்கினவன் தலையில் விடிந்த உதவாத கார். பத்திரத்துக்கான கம்பிக் கூண்டு, இருக்கை, பிரேக் முதலியவற்றைத் தவிர்த்துக் காரின் மொத்த விலை 500 டாலருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மஸ்தா மியாட்டா போன்ற மலிவான ஸ்போர்ட்ஸ் கார்களை, முதல் சொந்தக்காரர்கள் கைவிட்ட பிறகு வாங்கி, பிரித்துப் பூட்டிக்கொண்டு வருவார்கள். பந்தயத்துக்கு முன்னால் நீதிபதிகள் உட்கார்ந்து விசாரிப்பார்கள். நம்ப முடியவில்லை என்றால் கணக்கில் சில சுற்றுகளைக் கழித்துவிடுவார்கள். வேண்டுமானால் நடத்துகிறவர்களே 500 டாலரை நீட்டிக் காரை வாங்கிக்கொள்ளவும் உரிமை உண்டு.

ஆங்கிலேயர் விதிக்கு வரி சேர்த்தார்கள்; அமெரிக்கர் மனிதனின் முகத்தைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் வேறு ஆபத்துகள் உண்டு. நீதிபதிக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்று வந்துவிடும். ஆனால் எஞ்சினை விற்கச் சொல்லும் விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. எஞ்சின் கைமாறும்போது அதற்குள் இருக்கும் ரகசியமும் கைமாறுகிறது. நேற்று ஒருவன் ஜெயித்த வித்தை நாளைக்கு இன்னொருவன் பட்டறையில். கெட்டிக்காரன் ஒரு நாள் ராஜாவாக இருந்துவிட்டு, மறுநாள் புதிதாக யோசித்தாக வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு வழி தெரிகிறது. சமமாக இருப்பது என்பது ஒரு நாள் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிற காரியம் அல்ல. குளத்தைத் தூர் வாருவது போல வருஷந்தோறும் செய்ய வேண்டியது. கண்டுபிடித்தவனுக்கு ஒரு பருவம் முழுவதும் பலன் உண்டு; அதைப் பிடுங்குவது பாவம். ஆனால் ஒரு பருவத்துக்கு மேல் அந்த வித்தை ஒருவனுடைய சொத்தாக இருக்கக் கூடாது. எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். அல்லது யாருக்கும் இல்லை என்று ஆக வேண்டும். எஞ்சினின் குடலுக்குள் தகடு நிறுத்துகிற வேலை வாரக் கடைசிக் குமாஸ்தாவின் கைக்கு எட்டாதது. எனவே 'யாருக்கும் இல்லை' என்று ஆக்கினார்கள் போலும். அதுவும் சரியே. இனிமேல் கூடாது என்று சொல்வது வேறு; செய்தவனைக் கள்ளன் என்பது வேறு. அந்த ஒரு வரி முதலாவதை மட்டும் சொல்லிற்று.

சாப்மன் என்ன செய்தான்? தடையை எண்ணி மாய்ந்துபோகவில்லை. 1952 ஜனவரி முதல் தேதி, ஹேஸலிடம் 25 பவுன் கடன் வாங்கித் தன் கம்பெனியைத் தொடங்கினான். 1954-ல் அவளை மணந்துகொண்டான். பெரிய குளத்து மீன் பெரிய குளத்துக்குப் போய்விட்டது. 1963 முதல் 1978 வரை லோட்டஸ் 7 முறை உலகப் பட்டம் வாங்கிற்று. தொட்டிக்குள் இருந்தவர்களும் பிழைத்தார்கள்.

கதையை இங்கேயே நிறுத்தினால் எல்லோருக்கும் சுகம். ஆனால் அப்படி நிறுத்துவது நேர்மையல்ல. முப்பது வருஷம் கழித்து, 1981-ல், சாப்மன் ஒரு காருக்குள் இரண்டு சட்டங்களை வைத்து ஒரு பந்தயக் கார் செய்தார். விதி ஒரு சட்டத்தைத்தானே பார்க்கிறது, இரண்டாவதை என்ன செய்யும் என்பது யோசனை. இந்த முறை எதிராளிகள் குமாஸ்தாக்கள் அல்ல. கோடிக்கணக்கில் பணம் புரளும் கம்பெனிகள். அந்தக் காரைப் பந்தயத்தில் ஓடவே விடவில்லை. அடுத்த வருஷம், 1982 டிசம்பரில், 54-வது வயதில் அவர் காலமானார். அதற்குப் பிறகு ஒரு வழக்கு வந்தது. பெல்ஃபாஸ்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் பணம் கொட்டி உதவிய டிலோரியன் கார்த் தொழிற்சாலையின் பணத்தில் ஒரு பகுதி வழிமாறிப் போனது பற்றியது. 1992-ல் லோட்டஸின் கணக்கு வழக்குகளைப் பார்த்தவருக்கு 3 வருஷச் சிறை. சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் 10 வருஷம் கொடுத்திருப்பேன் என்றார் நீதிபதி.

இறந்தவர் கூண்டில் ஏறி விசாரிக்கப்படவில்லை. அவர் தரப்பைச் சொல்ல அவர் இல்லை. அதனால் 1951-ன் தகட்டுத் துண்டிலிருந்து 1992-ன் தீர்ப்பு வரை ஒரு கோடு இழுத்து, "பார்த்தீர்களா, அன்றே தெரிந்தது!" என்று சொல்ல நான் தயாரில்லை. சாமர்த்தியமெல்லாம் கடைசியில் சிறைவாசலில் போய் நிற்கும் என்பது சோம்பேறிகள் தங்களைத் தேற்றிக்கொள்ளச் சொல்லும் நீதி. ஆனால் ஒன்று தோன்றுகிறது. "கூடாதென்று எங்கே எழுதியிருக்கிறது?" என்ற கேள்வி பட்டறையில் கேட்கத் தக்க கேள்வி. கேட்காவிட்டால் உலகத்தில் ஒரு புது யந்திரமும் பிறக்காது. அதே கேள்வியைக் கூட்டாளியிடமும் ஊர்ப் பொதுப் பணத்திடமும் கேட்கத் தொடங்குகிறபோது, கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: "எழுதாமல் விட்டார்களே, என்னை நம்பியா விட்டார்கள்?"

அந்தக் கிளப் இன்றும் இருக்கிறது. பந்தயமும் நடக்கிறது. ஆஸ்டின் எஞ்சின் போய் ரிலயண்ட் வந்தது. பிறகு ஃபியட் வந்தது. விதிகள் நாலு வரியாக இல்லை. 'கூடாது', 'கூடாது' என்று இருக்கும் அத்தகைய வரிகளைப் படிக்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டலாம். எனக்கு அவை நடுகற்களாகத் தோன்றுகின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கெட்டிக்காரன் இருக்கிறான். அவனைத் திட்டாமல், அவன் போன வழியை மட்டும் அடைத்துவிட்டு, மறுபடியும் சமமாக நின்று புறப்பட்ட சாதாரண மனிதர்களும் இருக்கிறார்கள்.